டத்தோ வராத காலைகள்

ஒரு நாடு எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று அறிய அதன் கோபுரங்களை அண்ணாந்து பார்ப்பவர்களுக்குக் கழுத்து வலியைத் தவிர வேறெதுவும் கிடைத்ததில்லை. விவரம் தெரிந்தவர்கள் விடியுமுன் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தின் கேட்டைப் போய்ப் பார்ப்பார்கள். அந்த வகையில், பேராக் மாநிலத்தில் செமோரைத் தாண்டிச் சுங்கை சிப்புட் போகும் வழியில் இருக்கும் ஹார்விக் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் கேட், மனித நாகரிகம் எட்டிப் பிடித்த சிகரங்களில் ஒன்று. அவ்வளவு உறுதியாகப் பூட்டியிருக்கும்.

ஹார்விக் தோட்டம் இப்போது கிடையாது. ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனையில் பாதியை வெட்டி வரிசை வீடுகள் கட்டி, அதற்கு ஒரு பூவின் பெயரை வைத்துத் தாமான் என்றார்கள். தோட்டத்து ஜனங்கள் ஈப்போவிலும் செமோரிலும் சிதறிப் போனார்கள். பள்ளிக்கூடம் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. பிள்ளைகள் நாலா திசையிலிருந்தும் மோட்டார் சைக்கிளிலும் வேனிலும் வந்து சேருகிறார்கள்.

கேட் காலை ஆறு ஐம்பதுக்குத் திறக்கும். அது விதி. தொழிற்சாலை ஏழு மணிக்குத் தொடங்கும். அதுவும் விதி. இரண்டுக்கும் நடுவில் இருபத்தைந்து நிமிட மோட்டார் பயணம். அது மட்டும் எந்த விதியிலும் எழுதப்படவில்லை. ஆகவே அப்படியொரு தூரம் உலகத்தில் இருப்பதாக எந்த அதிகாரியும் ஒப்புக்கொண்டதில்லை.

தர்மேந்திரன் அந்தத் தூரத்தில்தான் வாழ்ந்துகொண்டிருந்தான்.

அவன் அப்பா ஹார்விக் தோட்டத்தில் பால் மரம் சீவியவர். அவன் அதே பாலில் செய்த கையுறைகளை இயந்திரத்திலிருந்து உருவி எடுக்கும் வேலையில் இருந்தான். அப்பா காலத்தில் இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போக வேண்டும். வரிசையில் நிற்கவைத்துப் பேர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அன்றைக்கு வேலை இல்லை. அந்த அடிமைத்தனமெல்லாம் ஒழிந்துவிட்டது. இப்போது தொழிற்சாலை வாசலில் ஒரு கருவி இருக்கிறது. முகத்தைக் காட்டினால் பச்சையாகச் சிரித்து ‘நன்றி’ என்று சொல்லும். ஏழு மணி தாண்டினால் அதே முகத்தைப் பார்த்துச் சிவப்பாக முழிக்கும். நேற்றுவரை பழகிய முகமாயிற்றே என்ற தாட்சண்யம் அதற்குக் கிடையாது.

மனைவி துளசிக்கு ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையின் சலவைப் பிரிவில் வேலை. அவளை ஏற்றிப்போக வேன் ஐந்தரைக்கே வந்துவிடும். ஆகவே இரண்டாம் வகுப்பு படிக்கும் ஷாமினியை எழுப்பி, குளிக்கவைத்து, இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் வராத இரட்டைச் சடை பின்னி, பள்ளிக்கூடத்தில் இறக்கும் பொறுப்பு தர்மேந்திரனுடையது. ஆறேகாலுக்கெல்லாம் கேட்டின் முன்னால் போய் நின்றுவிடுவான். நம் நாட்டில் சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் வேலைக்கு வரும். அதற்கு யாரும் எச்சரிக்கை கொடுத்ததில்லை.

“அண்ணே, கேட்டத் தொறங்கண்ணே.”

“உத்தரவு இல்லலா தம்பி,” என்பார் ராஜு அண்ணன். பள்ளிக்கூடத்து ஜாகா, இரவுக் காவல் முடிந்து கேட்டுக்கு உள்பக்கம் நிற்பார்.

“சாவி உங்க இடுப்புலதானண்ணே தொங்குது?”

“சாவி எங்கிட்ட இருக்கு. உத்தரவு பெரிய டீச்சர்கிட்ட இருக்கு. அவங்களுக்கு உத்தரவு இலாகாவுல இருக்கு. இலாகாவுக்கு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது. நான் வெறும் ஜாகாலா.”

ராஜு அண்ணன் கல்நெஞ்சர் அல்ல. கம்பிகளுக்கு நடுவே கைவிளக்கை நீட்டி, வெளியே நிற்கும் பிள்ளைகளின் காலடியில் வெளிச்சத்தால் ஒரு வட்டம் போடுவார். “வெளிச்சம் வெளிய போறதுக்கு உத்தரவு வேணாம்,” என்பது அவருடைய சட்ட விளக்கம். அந்த வட்டத்துக்குள் ஒரு டஜன் பிள்ளைகள் பைகளோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். வட்டத்துக்கு வெளியே நாய்கள். நாய்களுக்கு அப்பால் மண் லோரிகள். தெருவிளக்கு ஒன்று உண்டு. கம்பம் மட்டும் மிக நேர்த்தியாக நின்றது.

பிள்ளையை இறக்கிவிட்டு உடனே கிளம்பினால் தர்மேந்திரன் சரியான நேரத்துக்குத் தொழிற்சாலைக்குப் போய்விடலாம். கணக்கில் கோளாறே இல்லை. ஆனால் கிளம்ப வேண்டுமே! ‘அந்த லோரி போகட்டும்’ என்று நிற்பான். ‘அந்தக் கறுப்பு நாய் நகரட்டும்’ என்று நிற்பான். நாய் நகர்வதற்குள் கருவி சிவந்துவிடும்.

“அண்ணே, இது சரியில்லண்ணே,” என்றான் மேற்பார்வையாளன் கோகிலன். காம்பாரில் படித்துப் பட்டம் வாங்கியவன், வயதில் சின்னவன், அண்ணே என்று மரியாதையாகக் கூப்பிட்டுத்தான் மிரட்டுவான். “இன்னும் ஒரே ஒரு செவப்பு வந்துச்சுன்னா என் கையில ஒண்ணும் இல்ல. நைட் ஷிப்டுல போட்ருவாங்க.”

“நைட்டுல போட்டா காலைல எம்புள்ளய யாருப்பா கொண்டுபோய் விடுவா?”

“அது உங்க குடும்ப விவகாரம்ண்ணே. தொழிலாளிங்க குடும்பத்த கம்பெனி ரொம்ப மதிக்குது. அதனாலதான் அதுல தலையிடறதே இல்ல.”

இந்த உயர்ந்த பண்பாட்டைக் கேட்டு நெகிழ்ந்துபோன தர்மேந்திரன், பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் அவசரக் கூட்டம் கூட்டச் சொன்னான். அவசரக் கூட்டம் ஆறாவது வாரத்தில் நடந்தது.

சங்கத்தின் தலைவர் சதாசிவம். விழாக்களுக்குப் பந்தல், நாற்காலி, ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர். அவருடைய கடைசிப் பிள்ளை இந்தப் பள்ளியை விட்டுப் போய்ச் சிங்கப்பூரில் வேலைக்கும் சேர்ந்துவிட்டான். ஆனாலும் அவர் இன்னும் ஒரு பெற்றோர்தானே? அந்தத் தகுதியில் தலைவராக நீடித்தார்.

“பெருமக்களே!” என்று மைக்கைப் பிடித்தார். பெருமக்கள் பதினாலு பேர் முதல் வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார்கள், ஆனாலும் மைக் அவருடையது. “சிலர் கேட்டைக் குறை சொல்கிறார்கள். பிரச்சினையின் ஆணிவேர் கேட் அல்ல. பெற்றோர்களின் நேர நிர்வாகம்!”

துளசி எழுந்தாள். “அண்ணே, எனக்கு அஞ்சரைக்கு வேன். அவருக்கு ஏழு மணிக்கு பஞ்ச். நடுவுல எந்த நேரத்தண்ணே நிர்வாகம் பண்றது? முந்துன நாள் ராத்திரியே புள்ளயக் கொண்டாந்து விட்ரவா?”

“நல்ல ஆலோசனை,” என்றார் சதாசிவம். “செயற்குழு பரிசீலிக்கும்.”

அதன்பிறகு கருத்துகள் பெருகின. பிள்ளைகளுக்கு இருட்டில் மினுங்கும் சட்டை தைக்கலாம் என்றார் ஒருவர். நாய்களுக்கு விழிப்புணர்வு ஏற்படுத்தலாம் என்று ஒருவர் தொடங்கி, நாய்களைப் பற்றி மக்களுக்கு என்று திருத்திக்கொண்டார். தொழிற்சாலையைத் தள்ளிப்போடச் சொல்லலாம் என்றார் இன்னொருவர். எவ்வளவு தூரம் என்று யாரோ கேட்டார்கள்.

தர்மேந்திரன் நேராகத் தலைமையாசிரியையைப் பார்த்தான். “டீச்சர், கேட்டக் கொஞ்சம் முன்னாடி தொறந்தா போதும் டீச்சர். உள்ள மண்டபத்துல ஒரு லைட்டு. வேற ஒண்ணும் வேணாம்.”

நவமணி டீச்சர் ஓய்வுபெற இன்னும் கொஞ்ச காலமே இருந்தவர். “ஷாமினி அப்பா, உத்தரவில்லாம நான் தொறந்து, உள்ள ஒரு பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிட்டா பள்ளிக்கூடந்தான் பொறுப்பு. சுற்றறிக்கையில தெளிவா இருக்கு.”

“கேட்டுக்கு வெளிய ஆயிட்டா?”

டீச்சர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். “வெளிய பொதுச் சாலை,” என்றார். சொல்லிவிட்டு யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

இறுதியில் கூட்டம் வரலாற்றுச் சிறப்புமிக்க ஒரு முடிவுக்கு வந்தது. ‘வைகறை வசந்தம்’ என்னும் மாபெரும் திட்டம் தொடங்கப்படும்; மேலிடத்திலிருந்து, டத்தோ பட்டம் பெற்ற பெரிய மனிதர் ஒருவர் நேரில் வந்து தொடக்கிவைப்பார்.

“திட்டத்துல என்னண்ணே இருக்கு?” என்று கேட்டான் தர்மேந்திரன்.

“தொடக்க விழா.”

“அதுக்கப்புறம்?”

“நிறைவு விழா. அத அடுத்த வருஷம் பாத்துக்கலாம். அவசரப்படக் கூடாது தம்பி.”

டத்தோ காலை ஆறரைக்கு வருவதாக ஏற்பாடு. பிரச்சினை இருட்டில் நடப்பதால் இருட்டிலேயே வந்து பார்வையிட வேண்டும் என்பது அவருடைய விருப்பமாம். அப்படியென்றால் பிள்ளைகள் அதற்கு முன்பே வந்திருக்க வேண்டும். பிள்ளைகள் வரவேண்டுமானால் கேட் திறந்திருக்க வேண்டும். கேட்டைத் திறக்கச் சுற்றறிக்கை வேண்டுமே என்று யாரும் கேட்கவில்லை. வரவேற்புக்கு அதெல்லாம் தேவையில்லை போலும்.

விழா நாளன்று தர்மேந்திரன் மோட்டாரைத் திருப்பியவன் வழி தவறிவிட்டோமோ என்று பிரேக்கைப் பிடித்தான். கேட் விரியத் திறந்திருந்தது. சதாசிவத்தின் சரவிளக்குகள் மரத்துக்கு மரம் ஓடின. வாழைமரம் கட்டியிருந்தார்கள். தெருவிளக்குக்கே யாரோ புது பல்பு போட்டிருந்தார்கள். வாசலில் மூன்று ஆசிரியைகள் பட்டுப்புடவையில் நின்றார்கள். ஒருவர் கையில் சந்தனம், ஒருவர் கையில் கற்கண்டு, ஒருவர் கையில் பன்னீர்ச் செம்பு. ராஜு அண்ணன் தொப்பி வைத்திருந்தார்.

“ஒத்திகைலா,” என்று அவனிடம் கிசுகிசுத்தார். “டத்தோ வர்றவரைக்கும் வர்ற புள்ளைங்க மேல தெளிச்சுப் பழகிக்கறாங்க.”

ஷாமினி மீது பன்னீர் விழுந்தது. அவள் தோளைக் குறுக்கிக்கொண்டு சிரித்தாள். “வாம்மா, வா,” என்று ஒரு டீச்சர் அவள் கையைப் பிடித்து வெளிச்சத்துக்குள் அழைத்துப் போனார்.

லோரி போகட்டும் என்று தர்மேந்திரன் நிற்கவில்லை. நாயைத் தேடினான், காணோம். ஆகவே கிளம்பினான். தொழிற்சாலைக்கு அவன் போய்ச் சேர்ந்தபோது கருவியே இன்னும் கண் திறக்கவில்லை.

கோகிலன் பதறிப்போனான். “என்னாண்ணே இவ்ளோ வெள்ளன? வீட்டுல அண்ணிகூடச் சண்டையா?”

டத்தோ ஒன்பது மணிக்கு மேல் வந்தார். பேத்தியைப் பள்ளியில் இறக்கிவிட்டு வர வேண்டியிருந்ததாம். ஈப்போவில் ரொம்ப நெரிசலாம். வெயிலில் நின்று இருட்டைப் பற்றி உருக்கமாகப் பேசினார். நேரந்தவறாமையே வெற்றியின் ரகசியம் என்று பிள்ளைகளுக்கு எடுத்துச் சொன்னார். பொன்னாடை, மாலை, படம் எல்லாம் முடிந்து, ரிப்பனை வெட்டித் திட்டத்தைத் தொடக்கிவைத்துவிட்டுப் போனார். திட்டம் அவர் காரோடேயே போய்விட்டது.

அன்று மாலை ஷாமினிக்கு வாய் ஓயவில்லை. “அப்பா, மைலோ குடுத்தாங்கப்பா. சூடா! மண்டபத்துல ஃபேன் போட்டு உக்கார வெச்சாங்க. நான் ஒரு கதப் புத்தகம் முழுசாப் படிச்சிட்டேன். சடைய டீச்சர் அவுத்துட்டு மறுபடி பின்னி விட்டாங்க.”

“ஏன், அப்பா பின்னுனது நல்லாதான இருந்துச்சு?”

ஷாமினி நாகரிகம் தெரிந்த பெண். மைலோவைப் பற்றி மறுபடி சொல்லத் தொடங்கினாள்.

மறுநாள் ஆறேகால். இருட்டு. சரவிளக்கைக் காணோம், வேறொரு கல்யாணத்துக்குப் போயிருந்தது. கேட்டில் பூட்டும், பூட்டுக்கு மேல் ஒரு வாடிய மாலையும் தொங்கின. கம்பிகளுக்கு நடுவே கைவிளக்கு நீண்டது.

“டத்தோ இன்னிக்கி வரலியாப்பா?”

“இல்லடா.”

“அவரு வந்தாதான் கேட் தொறக்குமா?”

தர்மேந்திரன் ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கிக்கொண்டான். நிற்க முடியாது. இன்னொரு சிவப்பு வந்தால் இரவு வேலை. இரவு வேலையென்றால் நாளைக்கு இந்த வட்டத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தக்கூட ஆள் இருக்காது. “நகராம நில்லுடா. ராஜு மாமா லைட்டுக்குள்ளயே நில்லு,” என்றான். கிளம்பிவிட்டான். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். வட்டம் சின்னதாகி, புள்ளியாகி, வளைவில் அணைந்தது.

அந்த வளைவில்தான் ஒரு வெள்ளைக் கார் நின்றிருந்தது. பாத்திக் சட்டை போட்ட ஒரு பெரியவர் இறங்கி, இருட்டைப் பார்த்து நின்றார். செம்பனை மரத்தடியில் ஒன்றுக்குப் போனார். பள்ளிக்கூடப் பக்கமாக ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார்.

அன்றைக்குக் கருவி பச்சையாகச் சிரித்து ‘நன்றி’ என்றது. அதைவிட ஒரு அறை கொடுத்திருக்கலாம் என்று இருந்தது தர்மேந்திரனுக்கு. வேலை முடிந்ததும் முதல் காரியமாக மகளைப் போய்ப் பார்த்தான்.

சாயங்காலம் முச்சந்தியில் இருக்கும் ஹுசைன் பாயின் கடையில் போய் உட்கார்ந்தான். செமோர் சுற்று வட்டாரத்துக்கே அதுதான் செய்தி நிலையம். ரொட்டி சானாய் உபரி.

“என்ன தம்பி, மொகம் தொங்குது?” ஹுசைன் பாய் தே தாரேயைக் குவளைக்குக் குவளை இழுத்து ஆற்றிக்கொண்டே கேட்டார்.

தர்மேந்திரன் பொய் சொல்லத் தெரியாதவன். அன்றும் அவன் பொய் சொல்லவில்லை. “ஒண்ணுமில்ல பாய். இன்னிக்கி இருட்டுல, ஸ்கூலுக்குப் பக்கத்துல ஒரு வெள்ளக் காரு நின்னுச்சு. பாத்திக் சட்ட போட்ட பெரியவரு ஒருத்தரு எறங்கி ஸ்கூலையே திரும்பிப் பாத்துட்டுப் போனாரு.”

இழுத்துக்கொண்டிருந்த தே தாரே நடுவானில் நின்றது. “யாரு?”

“எனக்கென்ன தெரியும்? இருட்டுல்ல.”

மரத்தடிச் சங்கதியை அவன் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

அவன் தே தாரேயைக் குடித்து முடிப்பதற்குள் பெரியவர் மேலிடத்துப் பெரியவராகிவிட்டார். செய்தி பக்கத்து மேசைக்குப் போனபோது காருக்குப் பின்னால் இன்னொரு கார் வந்து சேர்ந்தது. கைப்பேசிப் புலனக் குழுக்களில் ஏறியபோது டத்தோவே கையில் குறிப்பேட்டோடு இறங்கி, கேட்டின் பூட்டைத் தொட்டுப் பார்த்து, வாடிய மாலையைக் கண்டு முகம் சுளித்திருந்தார். இரவு சாப்பாட்டுக்குக் கை கழுவும்போது சதாசிவம் கைப்பேசியில் அழைத்தார்.

“தம்பி, ஒனக்கு மட்டும் சொல்றேன். வெளிய விட்றாத. டத்தோ மாறுவேஷத்துல சுத்தறாராம்லா!”

“மாறுவேஷமா? என்ன வேஷம்ண்ணே?”

“பாத்திக் சட்ட.”

“அவரு எப்பவும் பாத்திக் சட்டதானண்ணே போடறாரு?”

“அதாம்பா! யாருக்கும் சந்தேகம் வராது பாரு. பெரிய மூளலா அது! இனிமே எந்த நாளும் வரலாமாம். விடியுமுன்னாடி. சொல்லாம கொள்ளாம. நம்ம பள்ளிக்கூட மானம் என்னாவுறது?”

மறுநாள் காலை தர்மேந்திரன் போனபோது கேட் திறந்திருந்தது.

அதற்கு அடுத்த நாளும் திறந்திருந்தது. ஹார்விக் பள்ளியின் பொற்காலம் அப்படித்தான் தொடங்கிற்று. ஆசிரியைகள் முறை வைத்துக்கொண்டு விடியுமுன் வந்தார்கள். அவர்களுடைய சொந்தப் பிள்ளைகளை எங்கே விடுவது என்று தெரியாமல் தூக்கிக்கொண்டே வந்தார்கள். அவை மண்டபத்தில் பாய் விரித்து மீதித் தூக்கத்தைத் தூங்கின. மண்டபத்தில் விளக்கெரிந்தது. பெரிய பானையில் மைலோ கொதித்தது. டத்தோ வந்தால் ஒரு பிள்ளைகூடச் சும்மா இருக்கக் கூடாது என்பதற்காகக் கதைப் புத்தகங்கள் அலமாரியிலிருந்து விடுதலையாயின. வாசலில் பட்டுத்துணி போர்த்திய நாற்காலி ஒன்று தினமும் டத்தோவுக்காகக் காத்திருந்தது. யாரும் பார்க்காதபோது அதில் ஷாமினி உட்கார்ந்து செருப்பு வாரைப் போட்டுக்கொண்டாள்.

முன்னெச்சரிக்கையாகப் பன்னீரும் நிற்கவில்லை. இருட்டில் யார் வருகிறார்கள் என்று எப்படித் தெரியும்? ஆகவே உள்ளே நுழையும் எல்லோர் தலையிலும் தெளித்தார்கள். தொழிற்சாலையில் உருவும் கையுறைகளிலெல்லாம் பன்னீர் மணப்பதாகக் கோகிலன் குறைப்பட்டுக்கொண்டான். மற்றபடி தர்மேந்திரன்மேல் சொல்ல அவனுக்கு ஒரு குறையும் கிடைக்கவில்லை.

ஆனால் எந்த வதந்தியும் சூடு ஆறத்தான் செய்யும். பள்ளி விடுமுறை ஒன்று வந்து போனது. மைலோ தண்ணியாயிற்று. ஒரு நாள் சதாசிவம் பட்டு நாற்காலியைக் கண்ணால் அளந்துகொண்டே, “தம்பி, நெசமா வருவாரா? இல்ல, சுங்கை சிப்புட்ல ஒரு காதுகுத்து இருக்கு. நாற்காலிக்கு ஆளு கேக்கறாங்க,” என்றார். தர்மேந்திரன் நாற்காலியில் விழுந்திருந்த பன்னீரைக் கையால் துடைத்துவிட்டுக் கிளம்பினான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனுடைய கைப்பேசி அடித்தது. நவமணி டீச்சர்.

“ஷாமினி அப்பா, கொஞ்சம் பேசலாங்களா?”

“சொல்லுங்க டீச்சர்.” எழுந்து நின்றுகொண்டான். படித்த காலத்தில் பழகியது.

“அந்த வெள்ளக் கார மொதல்ல பாத்தது நீங்கதானாமே?”

பிடிபட்டான். “டீச்சர், அது வந்து… காரு நின்னது நெசம் டீச்சர். ஆனா அந்தப் பெரியவரு… அவரு சும்மா… ஒண்ணுக்குப் போறதுக்கு…”

“தெரியும்,” என்றார் டீச்சர். “அவரு என் வீட்டுக்காரரு.”

தர்மேந்திரன் மறுபடி உட்கார்ந்துவிட்டான்.

“என்னக் கூட்டிக்கிட்டு வந்தவரு, சர்க்கரை உள்ள மனுஷன், அவசரம்னு எறங்கிட்டாரு. நான் காருக்குள்ளதான் இருந்தேன். நீங்க போனதையும் பாத்தேன். திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனீங்க. நான் தெனமும் அந்த நேரத்துக்கு வந்து, கேட் தொறக்கற வரைக்கும் அந்த வளைவுல லைட்ட அணைச்சிட்டுக் காருக்குள்ள உக்காந்திருப்பேன். பிள்ளைங்கள ஒரு கண்ணு பாத்துக்கிட்டு. உள்ள போனா பொறுப்பு வந்துருமில்ல? இத்தன வருஷம் வேல பாத்துட்டுக் கடைசில ஒரு விசாரணைன்னு வந்துரக் கூடாதேன்னு பயம்.”

“அப்ப எல்லாம் தெரிஞ்சுதான் கேட்டத் தொறந்து…”

“ஷாமினி அப்பா, பிள்ளைங்க வருதுங்கன்னு கேட்டத் தொறக்க எந்தச் சுற்றறிக்கையிலயும் எடமில்ல. நான் தேடிப் பாத்துட்டேன். ஆனா, மேலிடம் வரக்கூடும்னு சந்தேகம் இருந்தா தொறக்கலாம். தப்பேயில்ல. யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க.” டீச்சரின் குரல் ரகசியமாயிற்று. “இப்ப சந்தேகம் கொறஞ்சுக்கிட்டு வருது. ஆசிரியைங்க கேக்க ஆரம்பிச்சிட்டாங்க. நீங்க அந்த ஹுசைன் பாய் கடைக்கு இப்பல்லாம் போறதில்லையா?”

“போலாம் டீச்சர்,” என்றான் தர்மேந்திரன் மெதுவாக.

“இந்தத் தடவ கறுப்புக் காரா இருக்கட்டும். வீட்டுக்காரரோட தம்பிகிட்ட ஒண்ணு இருக்கு. நாளைக்கி வளைவுல நிறுத்தச் சொல்றேன். நீங்க பொய் சொல்ல வேண்டியதில்ல, பாத்ததச் சொன்னாப் போதும்.”

அன்று மாலையே தர்மேந்திரன் சட்டையை மாட்டிக்கொண்டு தே தாரே குடிக்கக் கிளம்பினான். நாளைக்குப் பார்க்கப் போவதைச் சொல்ல இன்றைக்கே போய் ஓர் இடம் பிடித்து வைத்துக்கொள்வதில் தவறில்லை என்று அவனுக்குத் தோன்றியது.

கறுப்புக் காருக்குப் பின் மீண்டும் பொற்காலம். மைலோ கெட்டியாயிற்று. சதாசிவம் இன்னொரு பட்டு நாற்காலி கொண்டுவந்து போட்டார், டத்தோவின் செயலாளருக்கு. நவமணி டீச்சர் இப்போது வளைவில் உட்காருவதில்லை. வாசலிலேயே நிற்கிறார், பன்னீர்ச் செம்போடு.

தோட்டத்து எல்லையில், தாமான் தொடங்கும் இடத்தில், யாரும் இடிக்கத் துணியாத ஒரு முனியாண்டி கோயில் இருக்கிறது. பள்ளிக்கூடம் போகும் வழியில் தர்மேந்திரன் அங்கே வேகத்தைக் குறைப்பான்; ஷாமினி பின்னால் உட்கார்ந்தபடியே ஒரு கும்பிடு போடுவாள். அண்மையில் ஒரு நாள் கும்பிடு வழக்கத்தைவிட நீண்டது.

“என்னடா அவ்ளோ நேரம் வேண்டிக்கிட்ட? பரீச்சையா?”

“இல்லப்பா. டத்தோ வந்துடக் கூடாதுன்னு.”

“ஏன்டா? டத்தோ நல்லவருதான?”

“வந்தா, பேசிட்டுப் போயிடுவாருல்லப்பா. அப்புறம் பூட்டிடுவாங்க.”

தர்மேந்திரன் மோட்டாரை ஓரங்கட்டினான். இறங்கினான். நேரமாகிறது என்று தெரிந்தும் செருப்பைக் கழற்றிவிட்டு, அவனும் கைகூப்பி நின்றான்.

விழா என்றால் முடிவில் நன்றியுரை வேண்டும். ‘வைகறை வசந்தம்’ இன்னும் நடந்துகொண்டிருப்பதால் அதை இங்கேயே சொல்லிவிடுகிறோம். மாண்புமிகு டத்தோ அவர்களே, எங்கள் பிள்ளைகள் தினம் தினம் வந்து நின்றும் திறக்காத கேட்டை, தாங்கள் மறுபடி ஒருநாளும் வராமலிருந்தே திறந்துவைத்திருக்கிறீர்கள். தங்களை இருகரம் கூப்பிக் கேட்டுக்கொள்கிறோம். எங்கிருக்கிறீர்களோ அங்கேயே இருங்கள்.